முதல் பக்கத்தில் மலை

முப்பது வயதுகூட ஆகாதவள் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று எழுதினால் சிரிப்பு வரத்தான் செய்யும். எங்கள் கடையில் கூட வேலை செய்த பெண்களும் சிரித்தார்கள். ஆனால் வேலையை விட்ட அன்று எனக்குச் சால்வை போர்த்தியவர்களும் அவர்கள்தான். “ரிட்டயர் ஆகறவங்க எல்லாம் எழுதுவாங்களே அக்கா, அந்த மாதிரி எதுனா எழுதிக் குடுங்க. நீங்க வந்த புதுசுல இன்னாதான் பண்ணீங்கன்னு எங்களுக்குத் தெரியவேணாமா?” என்று கேட்டார்கள். அடுத்த மாதம் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் சேரப்போகிறேன். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சின்னக் கடைகளுக்கு இணையதளம் அமைப்பது, அது பாழடையாமல் பார்த்துக்கொள்வது, தேடுகிறவர் கண்ணில் அதைப் பட வைப்பது. இதுதான் என் வேலையாக இருந்தது. லாட்ஜ், மெஸ், வாடகை சைக்கிள், கல் சிற்பம் செய்பவர், பாத்திரக் கடை என்று திருவண்ணாமலையில் ஒரே அறையில் தொழில் நடத்துகிறவர்கள் எல்லாரும் எங்களிடம் வந்தார்கள். இன்றைக்குக் கடைக்காரர்களே செல்போனில் படம் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் பக்கங்களில் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் படம் போடுவதும் கண்ணில் படுவதும் ஒன்றல்ல.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மணிலாக்கடலை வயல். பேருந்தில் போய் வந்தே பி.எஸ்சி. முடித்தேன், முதல் வகுப்பு. பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியபோது எதிர்ச் சுவரில் வேறு எதுவும் மாட்டக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்றும் மாட்டவில்லை. வேலை கிடைத்ததும் அப்பா பஸ் கண்டக்டரிலிருந்து உரக்கடைக்காரர் வரை எல்லாரிடமும், “எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல போர்டு எழுதறா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். அவர் சொன்னது அப்படியொன்றும் தவறில்லை.

எங்கள் முதலாளி குணா சார். அவருடைய அப்பா தேரடித் தெரு மாடியில் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர். குணா சார் அதை பிரவுசிங் சென்டர் ஆக்கி, கூடவே இணையதள வேலையும் எடுத்தார். தட்டச்சு இயந்திரங்கள் உறை போட்டபடி சுவரோரம் அப்படியே இருந்தன. அவற்றின் மேல்தான் நாங்கள் சாப்பாட்டு டப்பா வைப்போம். நான் சேர்ந்து நெடுங்காலம் வரை அவர் மவுஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. “பத்து வெரலும் வேலை செஞ்ச கை இது. ஒத்த வெரலால பண்ற வேலைக்கு நான் எதுக்கு?” என்பார். நாற்காலிக்குப் பின்னால் கைகளை முதுகில் கட்டிக்கொண்டு நிற்பார். “கீழ போ. இன்னும் கீழ. நில்லு.” பிறகு ஒரு வாக்கியத்தைக் காட்டி, “யாருக்கு இது?” என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்கு நான் பயந்த அளவு பரீட்சைக்குப் பயந்ததில்லை. ஒரு லாட்ஜ் பக்கத்தில், ‘தரமான சேவைக்குப் பெயர் பெற்றது’ என்று எழுதியிருந்தேன். யாருக்கு இது என்றார். வாடிக்கையாளருக்கு என்றேன். “இதப் படிச்சிட்டு எவனாவது ரூம் போடுவானா?” நான் அந்த லாட்ஜுக்குப் போய் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் கவனித்தேன். விடியற்காலையில் வெந்நீர் வருமா? கிரிவலம் முடித்து வந்தால் கால் ஊறவைக்க வாளி கிடைக்குமா? தரை தளத்தில் அறை உண்டா, அம்மாவால் படி ஏற முடியாது. திரும்பி வந்து, பழைய வாக்கியத்தை எடுத்துவிட்டு இவற்றுக்குப் பதில் எழுதினேன். குணா சார் படித்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தால் அது நன்றாக இருக்கிறது என்று பொருள்.

அதிலிருந்து புது வேலை எது வந்தாலும் அதுவே எங்கள் வழக்கம் ஆனது. முதலில் கடையில் உட்காருவது. பிறகு எழுதுவது. எழுதி முடித்ததும் படங்கள் எதுவும் தெரியாதபடி கணினியில் அணைத்துவிட்டு, வெறும் எழுத்தாகப் பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசிப்பது. தேடுபொறிக்குக் கண் கிடையாது; அது எழுத்தை மட்டும்தான் படிக்கும், நாம் எவ்வளவு அழகான படம் போட்டாலும் அதற்கு அது வெற்றிடம். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் சொட்டுச் சொட்டாக வந்த காலம் என்பதால் படத்தை அணைப்பது எங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான். சார் அதையே சோதனை ஆக்கிவிட்டார். “படத்த எடுத்துட்டுப் பாரு. இன்னா மிச்சம் இருக்குதோ அதான் உன் கடை.”

பராமரிப்பு வேலையில் பெருமை கம்மி என்று நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாதாமாதம் பௌர்ணமி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று பஞ்சாங்கம் பார்த்து எல்லா லாட்ஜ் பக்கங்களிலும் மாற்ற வேண்டும். போன மாதப் பௌர்ணமி அப்படியே கிடந்தால் அது காய்ந்த மாலை மாதிரி. வருகிறவன் திரும்பிப் போய்விடுவான். ஊரில் எல்லாத் தொலைபேசி எண்களுக்கும் முன்னால் ஒரு 2 சேர்ந்தது நினைவிருக்கும். அந்த வாரம் முழுக்க நான் உட்கார்ந்து ஒவ்வொரு தளமாக அந்த 2-ஐச் சேர்த்தேன். எங்களிடம் தளம் வைத்துக்கொண்டு பராமரிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்ட லாட்ஜ் ஒன்று இருந்தது. அதன் மேலாளர் கொஞ்ச நாள் கழித்து வந்து, வெளியூர்க்காரர்கள் யாரும் போன் செய்வதே இல்லை, ஏதோ கண்ணேறு பட்டிருக்கிறது என்றார். தளத்தைத் திறந்தேன், பழைய எண். அவர் எதிரிலேயே 2 சேர்த்தேன். மறுநாள் மதியம் அவரே போன் செய்து, மணி அடிக்கிறது என்றார். அந்த மேலாளர் பிறகு எனக்கு ஒரு பெரிய உதவி செய்தார். அதற்கு வருகிறேன்.

கஸ்தூரி அக்காவைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும்.

அக்கா வேங்கிக்காலில் ஓர் அறையில் தையல் வைத்திருந்தார். தியானத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் தரையில் உட்காருவதற்கான திண்டு தைப்பார். உள்ளே இலவம் பஞ்சு, மேலே கழற்றித் துவைக்கிற உறை. ஊருக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மா முதுகு வலி என்று கேட்டதால் ஒன்று தைத்துக் கொடுத்தாராம். அவர் தன் தோழிகளுக்குச் சொல்ல, அவர்கள் இன்னும் சிலருக்குச் சொல்ல, கூட இரண்டு பெண்களை வைத்துக்கொள்கிற அளவுக்குத் தொழில் வளர்ந்தது. பிறகு அந்தத் தோழிகள் வருவது நின்றது. ஆர்டரும் நின்றது. கடை இருப்பதோ சந்துக்குள். ஆசிரமங்கள் இருப்பது ஊரின் இன்னொரு கோடியில். நடந்து போகிறவர் கண்ணில் படவே வழியில்லை.

அக்கா எங்களிடம் வந்தபோது அவரிடம் ஏற்கெனவே ஓர் இணையதளம் இருந்தது, வேறு யாரோ செய்தது. திறந்தவுடன் திரை முழுக்க அண்ணாமலையார் படம். விளக்கு எரியும், மணி ஒலிக்கும், கீழே ஓர் ஓரத்தில் ‘உள்ளே’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால்தான் கடை. இது அக்காவின் தளத்தில் மட்டும் இருந்த பழக்கம் அல்ல. அன்று எங்கள் ஊரில் பாதித் தளங்கள் அப்படித்தான் திறக்கும். கடை திறந்ததும் முதலில் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டுகிற ஊர். இணையத்திலும் அதையே செய்தார்கள். தேடுபொறி அந்த முதல் பக்கத்துக்கு வரும். அங்கே அது படிக்க ஓர் எழுத்தும் இருக்காது. பொத்தானும் படம்தான். திரும்பிப் போய்விடும்.

நான் விஷயத்தைச் சொன்னதும் குணா சார் கையை முதுகிலிருந்து எடுத்து முன்னால் கட்டிக்கொண்டார். “சாமி விசயத்துல கை வெக்காத. நாளைக்கு அவங்க வீட்ல யாருக்கு ஜுரம் வந்தாலும் நம்ம பேர்லதான் எழுதுவாங்க.”

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அக்காவின் கணவருக்கு ஓர் அண்ணன், ஏகாம்பரம். கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய் மில் வைத்திருப்பவர். தையல் அறை அவருக்குச் சொந்தம். தளத்தைத் தொடங்கிய நாளில் கணினித் திரைக்கே குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டியவர். முதல் பக்கத்துப் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவரே. இப்போது செல்போன் கடைக்காரர் ஒருவர் அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். தை பிறப்பதற்குள் தொழில் சூடு பிடிக்காவிட்டால் அறையைக் கொடுத்துவிடுவேன், நீ வீட்டோடு இரு என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அப்போது ஐப்பசி. ஆக, சாமி படத்தை எடுக்காவிட்டால் ஆர்டர் வராது, அறை போய்விடும். எடுத்தால் ஏகாம்பரம் கோபிப்பார், அறை அப்போதும் போய்விடும்.

எங்கள் வழக்கப்படி நான் கடையில் போய் உட்கார்ந்தேன். அன்று வாடிக்கையாளர் யாரும் வரவில்லை. அதுவும் ஒரு தகவல்தான். அக்கா பழைய மின்னஞ்சல்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கேள்வி இருந்தது: விமானத்தில் திண்டைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, நான் வந்து இறங்கும்போது அறையிலேயே தயாராக இருக்குமா? அக்காவின் தளத்தில் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. உலகத்தில் எங்கோ இருந்துகொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பும் முன் தேடுகிறவர்கள்தான் அக்காவின் வாடிக்கையாளர்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டிய கடை, சாமி படத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது.

மறுநாள் அக்காவின் முதல் பக்கத்தைப் படங்களை அணைத்துவிட்டு அச்செடுத்தேன். அதை எடுத்துப்போய் நீட்டினேன். தைத்துக்கொண்டிருந்த அக்கா வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“இன்னா மலரு, வெறும் பேப்பரக் குடுக்கற?”

“வெறும் பேப்பர் இல்லக்கா. தேடறவங்களுக்கு உங்க கடை இப்படித்தான் தெரியுது.”

கூடத் தைத்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து, “நல்லதாப் போச்சு, நாம தப்பாத் தெச்சு வாங்கின திட்டும் யாருக்கும் தெரியாது” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அக்கா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டார். சாமி படத்தை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. எனக்கும் அதே சாமிதானே.

“வீட்டுக்கு ஒருத்தர் வந்தா நேரா பூஜை ரூமுக்கா கூட்டினு போறோம்?” என்றார் அக்கா, என்னிடம் கேட்பது போலவும் தனக்கே சொல்வது போலவும். “வாங்கன்னு சொல்லி உக்கார வெக்கறோம். தண்ணி குடுக்கறோம். இன்னா வேணும்னு கேக்கறோம். பூஜை ரூமு உள்ளதான் இருக்குது. அதனால சாமிக்கு மரியாதை கொறஞ்சிடுச்சா?”

“அப்ப படத்துக்குத் தனியா ஒரு பக்கம் வெச்சிடலாமாக்கா?”

“வை. ஆனா முதல் பக்கத்த மொட்டையா வுடாத, ஏகாம்பரம் மாமா வுட மாட்டாரு.” ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். எங்கள் ஊரில் வாசலுக்குப் போனால் என்ன தெரியுமோ அதுதான் தெரிந்தது. “இத வை. மேல. எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் தெரியட்டும். இங்க மலைதான சாமி. அதுக்குன்னு கதவு எதுனா இருக்குதா?”

மாடிக்கு ஏறி அந்த இடத்திலிருந்து தெரிகிற மலையையே படமெடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ஒரு விரற்கடை உயரத்துக்கு அதை வைத்தேன். அதன் கீழே எழுத்து. பக்கத்தின் தலைப்பில் ‘வெல்கம்’ என்று இருந்ததை எடுத்துவிட்டு, தியானத்துக்கு உட்காரும் திண்டு, திருவண்ணாமலை, நீங்கள் வருமுன் உங்கள் அறையில் தயார் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எந்த அளவுகள், உள்ளே என்ன பஞ்சு, தைக்க எவ்வளவு அவகாசம் வேண்டும், உறையை எப்படித் துவைப்பது, எல்லாம் வரிசையாக. ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன படம் என்று, தேடுபொறி படிக்கும்படி, பின்னால் சொல் சேர்த்தேன். வாசித்துக் காட்டினேன். குணா சார் யாருக்கு இது என்று ஓரிடத்தில்கூடக் கேட்கவில்லை. முடிந்ததும், “இந்தக் கடையப் பத்தி வேற யாராவது சொல்லணும். தானே தன்னப் பத்திச் சொன்னா யாரு நம்புவா?” என்றார்.

அப்போதுதான், முன்பு நான் 2 சேர்த்துக் கொடுத்த லாட்ஜ் மேலாளரிடம் போனேன். அவரிடம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவார்கள். உங்கள் பக்கத்தில், உட்காரத் திண்டு வேண்டுவோர் இங்கே கேட்கலாம் என்று ஒரு வரி போட்டு அக்காவின் தளத்துக்கு இணைப்புக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். போடும்மா என்றார். அவருக்குத் தெரிந்த இன்னும் சில லாட்ஜ்காரர்களிடமும் அவரே பேசினார். ஒரு தளத்தை நாலு பேர் கைகாட்டினால் தேடுபொறியும் அதை மதிக்கும். மனிதர்கள் மாதிரிதான்.

கார்த்திகைக்கு முன்னால் ஏகாம்பரம் எங்கள் கடைக்கு வந்தார். படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கோபமாக இருக்கிறார் என்பது அவர் உட்கார மறுத்ததில் தெரிந்தது. சாமி எங்கே என்று மட்டும் கேட்டார். நான் தளத்தைத் திறந்தேன். மலை. அடுத்த பக்கம் காட்டச் சொன்னார். மலை. அடுத்தது. கடைசியில் பூஜைப் பக்கம்; அவர் தேர்ந்தெடுத்த அதே படம், அதே விளக்கு. திரும்ப முதலிலிருந்து காட்டச் சொன்னார்.

“நம்ம மாடியிலேர்ந்து எடுத்ததா?”

“ஆமாங்க.”

“அதான் பாத்தேன். வேற பக்கத்துலேர்ந்து பாத்தா இந்தத் தோள்பட்டை தெரியாது.” பிறகு குணா சாரைப் பார்த்து, “நல்லாத்தான் இருக்குது. ஆனா பேச்சு பேச்சுதான். தை வரைக்கும் பாப்பேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

தேடுபொறி நம் அவசரத்துக்கு வராது. அது எப்போது வந்து படிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் தினமும் காலையில் வந்ததும் தேடிப் பார்ப்பேன், இருக்காது. தீபத்துக்கு ஊர் நிரம்பி வழிந்தது. எங்கள் தெருவில் நடக்கக்கூட இடமில்லாமல் கடையை மூடினோம். மலை உச்சியில் தீபம் ஏறியதை அன்று எங்கள் வயலில் நின்று பார்த்தேன். எல்லாரும் கும்பிட்டார்கள். நான் கும்பிட்டது எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்கழி பிறந்து ஒரு காலையில், வழக்கம்போல் தேடினேன். பக்கம் மெதுவாக மேலிருந்து கீழே இறங்கியது. முதல் வரியில் இல்லை. அடுத்ததில் இருந்தது. நான் எழுதிய தலைப்பு, நான் எழுதிய சொற்கள். சார் என்று கூப்பிட்டேன். வந்து பின்னால் நின்றார். கீழ போ என்று சொல்லவில்லை. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மவுஸைப் பிடித்து, ஒரே விரலால் அந்த வரியை அமுக்கினார். மலை திரையில் இறங்கியது. அவர் உடனே கையை எடுத்துவிட்டார். ஏதோ சுட்டுவிட்டது போல வேட்டியில் துடைத்துக்கொண்டு, “சரி, அடுத்த வேலையப் பாரு” என்றார்.

அந்த வாரத்திலேயே முதல் மின்னஞ்சல் வந்தது. மூன்று தோழிகள் தை மாதம் வருகிறார்கள், மூன்று திண்டு வேண்டும், எந்த லாட்ஜ் என்பதும் அதிலேயே இருந்தது. அச்செடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்கு ஆட்டோவில் போனேன். அக்கா வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இந்தத் தடவ எழுத்து இருக்குதே” என்றார். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்து, “பஞ்சு அடிங்கடி” என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மின்னஞ்சல்கள் தொடர்ந்து வந்தன; தை பிறந்தது. அறை கைமாறவில்லை. செல்போன் கடைக்காரர் தேரடித் தெருவில் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அடுத்த வருடம் அக்கா பக்கத்து அறையையும் ஏகாம்பரத்திடம் கேட்டு வாங்கினார். அவரும் அதே வருடம் தன் எண்ணெய் மில்லுக்குத் தளம் வேண்டும் என்று எங்களிடம் வந்தார். ஒரே நிபந்தனை, மேலே மலை இருக்க வேண்டும். நான் மில்லின் மாடியிலிருந்து எடுத்தேன். பார்த்துவிட்டு முகம் சுருங்கினார். “இன்னாம்மா இது, கஸ்தூரிக்குப் பெருசா வெச்சிட்டு எனக்கு இத்தினியூண்டு வெச்சிருக்க?”

“உங்க மில்லுலேர்ந்து அப்படித்தாங்க தெரியுது.”

யோசித்தார். “அதுவும் சரிதான். வர்றவன் இவ்ளோ தூரமான்னு தெரிஞ்சினு வரட்டும்” என்றார்.

அதன் பிறகு கேட்ட எல்லாருக்கும் அப்படியே செய்தேன். முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்த படங்கள் ஒவ்வொன்றாக உள் அறைக்குப் போயின. அவரவர் மாடியிலிருந்து தெரியும் மலை மேலே வந்தது. கிழக்கிலிருந்து ஒரு மாதிரி, செங்கம் சாலையிலிருந்து வேறு மாதிரி. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர், கையில் அச்செடுத்த பக்கத்தை வைத்துக்கொண்டு, மலை இப்படித் தெரிகிற தெரு எது என்று விசாரித்தே ஒரு மெஸ்ஸைக் கண்டுபிடித்து வந்ததாகக் கேள்விப்பட்டேன். எந்தப் பக்கத்திலும் என் பெயர் இல்லை. போட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எத்தனை மாடிகளில் ஏறி நின்று எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

சான்றிதழ்களைக் காட்டப் போன அன்று புது அலுவலகத்தில் எனக்கான நாற்காலியைக் காட்டினார்கள். வெறும் மரம். திரும்பும் வழியில் கஸ்தூரி அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். நேற்று ஆள் அனுப்பி ஒரு திண்டு கொடுத்துவிட்டிருக்கிறார். நீல உறை, ஓரத்தில் பச்சை நூலில் ஒரு கோடு தைத்திருக்கிறார். முதலில் சும்மா அலங்காரம் என்று நினைத்தேன். தள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் தோள்பட்டை சரிந்த மலை. வேங்கிக்காலிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே மலை.